பிரிட்டனில் பழைய மாளிகையைச் சுற்றிப் பார்க்க வந்தவரிடம் அடிமைமுறையைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

கேள்வி நியாயமானதுதான். டிக்கெட் எடுத்து உள்ளே போகிறவர் தோட்டத்தையும் ஓவியங்களையும் பார்க்கத்தான் வருகிறார். ஆனால் அந்த வீட்டைக் கட்டிய காசு எங்கிருந்து வந்தது?

வேல்ஸில் உள்ள பென்ரின் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1833 சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தபோது, ஜமைக்காவில் 764 பேரை அடிமைகளாக வைத்திருந்த அதன் உரிமையாளருக்கு அரசு 14,683 பவுண்டு நஷ்டஈடு தந்தது. அந்த 764 பேருக்கு ஒரு பைசாகூடக் கிடைக்கவில்லை. எனக்கு இது இன்றும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

லெஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் காரின் ஃபௌலர் இதைப் பொதுமக்களிடம் கொண்டுபோனார். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை இத்தகைய மாளிகைகளுக்கு அழைத்துப் போய், பார்த்ததைப் பற்றி அவர்களையே எழுத வைத்தார். அப்புறம் 2020இல், பிரிட்டனில் இத்தகைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறநிறுவனம் வெளியிட்ட அறிக்கையின் ஆசிரியர்களில் ஒருவரானார். காலனியத்தோடும் அடிமைமுறையோடும் தொடர்புள்ள 93 இடங்களை அது பட்டியலிட்டது. சர்ச்சிலின் வீடும் அதில் இருந்ததால் எம்.பி.க்கள் சிலர் கொதித்தார்கள். அறநிறுவனங்களை மேற்பார்வையிடும் ஆணையம் நேஷனல் டிரஸ்ட் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்று 2021இல் சொல்லிவிட்டது.

நமக்கும் இதில் பங்குண்டு. வேல்ஸிலேயே உள்ள பௌவிஸ் கோட்டையில் திப்பு சுல்தானின் கூடாரம் இருக்கிறது, பூப்போட்ட பருத்தித் துணியில் தைத்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு, அப்போது சென்னை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தது. அதன் முன் நிற்பவருக்கு அந்தக் கதையைச் சொல்லாமல் வேறென்ன சொல்வது?