அமெரிக்க வரைபடம், நம் ஊர் மரம்: சாப்பாட்டு மேசையின் அளவுகளை மாற்றுவது எப்படி?

திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. இணையத்தில் கிடைத்த அமெரிக்க வரைபடம் ஒன்றைப் பார்த்து, ஒரு சாப்பாட்டு மேசையும் இரண்டு வாங்குகளும் வீட்டிலேயே செய்ய அவரும் கணவரும் தீர்மானித்திருக்கிறார்கள். வரைபடத்தின்படி மேசை 6 அடி நீளம், 3 அடி அகலம், 30 அங்குல உயரம். அவர்களுடைய சாப்பாட்டறையோ 11 அடிக்கு 10 அடி. ஆகவே மேசையை 5 அடியாகக் குறைக்க வேண்டும். வரைபடம் பைன் மரத்துக்கானது; இவர்கள் தேக்கு வாங்க எண்ணுகிறார்கள், பழைய வீட்டிலிருந்து கழற்றிய பாலை, முதிரை வளைகளும் கொஞ்சம் இருக்கின்றன. "மேற்பலகைக்கு 2×8 பலகை ஐந்து என்று போட்டிருக்கிறது. ஐந்து எட்டு நாற்பது அங்குலம் அல்லவா? ஆனால் மேசையின் அகலம் 36¼ அங்குலம் என்கிறது. வரைபடமே பிழையா?" என்றும் கேட்டிருக்கிறார்.

வரைபடத்தில் பிழை இல்லை. அமெரிக்காவில் 2×8 என்பது பலகை விற்கப்படும் பெயர் மட்டுமே. உலர்த்திச் சீவிய பிறகு கடையில் கிடைக்கும் பலகை 1½ அங்குலத் தடிப்பும் 7¼ அங்குல அகலமும் கொண்டது. ஐந்தைச் சேர்த்தால் 36¼ அங்குலம் சரியாக வருகிறது. அதேபோல 2×4 என்றால் 1½×3½, 1×6 என்றால் ¾×5½, கால்களுக்குச் சொல்லப்படும் 4×4 என்றால் 3½×3½. இங்கே மரக்காலையில் 2 அங்குலம் என்று அரிந்து தந்தால் அது ஏறத்தாழ 2 அங்குலமாகவே இருக்கும். சீவிய பிறகுதான் குறையும். எனவே வாங்கும் பட்டியலில் உள்ள பெயர்களை ஒரு கோடிட்டு அடித்துவிட்டு, அவற்றுக்குப் பக்கத்தில் உண்மையான அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். அங்குலத்தை மில்லிமீற்றராக மாற்றினால் 25.4 ஆல் பெருக்குங்கள். வசதிக்காக 25 என்று வைத்துக்கொண்டால் 6 அடி நீளத்தில் மட்டும் கிட்டத்தட்ட 29 மி.மீ. தவறும். அதைவிட நல்ல வழி, தொடக்கம் முதல் முடிவு வரை அங்குலத்திலேயே, ஒரே அளவுநாடாவைக் கொண்டு வேலை செய்வது.

வரைபடத்தில் உள்ள எண்களெல்லாம் ஒரே வகையானவை அல்ல என்பதை மனத்தில் கொண்டால் மாற்றும் வேலை எளிதாகிவிடும். சில எண்கள் மனித உடலுக்காகப் போடப்பட்டவை. அவற்றைக் காரணமின்றித் தொடக்கூடாது. சில எண்கள் அந்த நாட்டில் கிடைக்கும் பலகைக்காகப் போடப்பட்டவை. அவற்றை நீங்கள் காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லை. மீதி எண்கள் இவ்விரண்டிலிருந்தும் கணக்கிட்டுப் பெறப்பட்டவை. முதல் இரண்டும் மாறினால் அவற்றைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். பலரும் செய்வதுபோல எல்லா எண்ணையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால், மேசையின் உயரம் 25 அங்குலமாகி முழங்கால் இடிக்கும்.

உடலுக்கான எண்களை முதலில் பார்ப்போம். உட்காரும் இருக்கைக்கும் மேசையின் மேற்பரப்புக்கும் இடையில் 11 முதல் 12 அங்குலம் வேண்டும். ஒருவருக்கு முழங்கை வைத்துச் சாப்பிட 24 அங்குல நீளம் இருந்தால் வசதி, 22 அங்குலம் இருந்தால் போதும். கதிரையை இழுத்து உட்காரவும் எழும்பவும் மேசையின் விளிம்பிலிருந்து சுவர்வரை 36 அங்குலம் விட வேண்டும். உங்கள் அறையின் 11 அடிப் பக்கத்தில் 6 அடி மேசையைப் போட்டால் இரு முனைகளிலும் 30 அங்குலமே எஞ்சும். 5 அடி மேசையைப் போட்டால் 36 அங்குலம் கிடைக்கும். நீளத்தைக் குறைக்க நீங்கள் எடுத்த முடிவு சரியானது. அகலத்தை 36 அங்குலமாகவே விடுங்கள். நடுவில் சோறும் கறிச் சட்டிகளும் வைத்து இரு பக்கமும் தட்டு வைப்பதற்கு அந்த அகலம் தேவை. உயரத்தை மட்டும் 29 அங்குலமாகவும், வாங்கின் உயரத்தை 18 இலிருந்து 17 அங்குலமாகவும் குறைக்கலாம். 18 அங்குல வாங்கில் நம்மவர் பலருக்கும் பாதம் நிலத்தில் முழுமையாகப் படிவதில்லை. இரண்டிலும் ஒரே அளவு குறைப்பதால் இடையிலுள்ள 12 அங்குலம் அப்படியே இருக்கும்.

இனிப் பலகையின் தடிப்பு. பைன் மென்மையான மரம் என்பதாலும், அங்கே 1½ அங்குலம் கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதாலுமே அந்தத் தடிப்பு வரைபடத்துக்குள் வந்தது. தேக்கில் சீவி முடித்த பிறகு 1 அங்குலம் இருந்தால் போதும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பலகையின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடியைப் (தடிப்பு × தடிப்பு × தடிப்பு) பொறுத்தது. தடிப்பு மூன்றில் இரண்டு பங்கானால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். தேக்கின் வலிமை அந்த இழப்பை முழுமையாக ஈடுசெய்யாது. எனவே மேற்பலகையின் அடியில், கால்களை இணைக்கும் இரு நீளச் சட்டங்களையும் இணைத்து, குறுக்குச் சட்டங்கள் இரண்டு வையுங்கள். அப்போது 1 அங்குலப் பலகை தொய்யாது.

இந்த ஒரு மாற்றத்தால் பின்தொடர்ந்து மாறுபவற்றைப் பாருங்கள். வரைபடத்தில் கால் 28½ அங்குலம், அதன் மேல் 1½ அங்குலப் பலகை, மொத்தம் 30. உங்கள் மேசைக்குக் கால் 28 அங்குலம், பலகை 1 அங்குலம், மொத்தம் 29. சட்டத்தின் அகலம் 3½ அங்குலமாகவே இருந்தால், நிலத்திலிருந்து அதன் கீழ் விளிம்பு வரை 24½ அங்குலம் கிடைக்கும். 17 அங்குல வாங்கின் இருக்கைக்கும் சட்டத்துக்கும் இடையே தொடைக்கு 7½ அங்குல இடைவெளி, அது தாராளம். தேக்கில் கால் 3½ அங்குலச் சதுரமாக இருக்கத் தேவையில்லை, 2½ போதும். மேற்பலகை முனையில் 4 அங்குலம் வெளியே நீட்டி நின்றால், 60 அங்குல நீளத்தில் கால்களின் வெளிப்பக்கங்களுக்கு இடையே 52 அங்குலம், உட்பக்கங்களுக்கு இடையே 47 அங்குலம். நீளச் சட்டம் 47 அங்குலம். அதனுடன் இரு முனைகளிலும் கழுந்துக்கான, அதாவது காலின் துளைக்குள் செருகப்படும் நாக்குக்கான, நீளத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். வாங்கு கால்களுக்கிடையே உள்ளே தள்ளப்பட வேண்டுமானால் 44 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது; அதில் இருவர் இருக்கலாம், முனைகளில் கதிரை போட்டால் ஆறு பேர் ஆகும்.

மரம் வேலை செய்யும் விதம் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். வீட்டில் செய்யும் தளபாடங்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது அளவுப் பிழையால் அல்ல, இதனால்தான். மரம் நார்த்திசையில், அதாவது நீளவாக்கில், கவனிக்கத்தக்க அளவுக்குச் சுருங்குவதோ விரிவதோ இல்லை. குறுக்கே மட்டும் காற்றின் ஈரத்துக்கேற்ப ஆண்டு முழுவதும் அசைந்துகொண்டே இருக்கும். அமெரிக்க வரைபடங்கள், வெப்பமூட்டப்பட்ட வீடுகளுக்குள் 6 முதல் 8 வீத ஈரப்பதனுக்குக் காய்ந்த மரத்தை எண்ணிப் போடப்பட்டவை. திருகோணமலையில் மரம் அந்த அளவுக்குக் காய்வதில்லை, காயவும் தேவையில்லை. ஆனால் இங்கே வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களுக்கும் வாடைக் காற்றோடு மாரி வரும் மாதங்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. மரத்தின் ஈரப்பதன் 4 வீதம் ஏறி இறங்கினால், 36 அங்குல அகலத் தேக்குப் பலகை, ஆண்டு வளையங்கள் முகத்துக்குக் கிடையாக ஓடும்படி அரியப்பட்டிருந்தால் ஏறத்தாழ 7 மி.மீ. அசையும், வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அரியப்பட்டிருந்தால் ஏறத்தாழ 3 மி.மீ. அசையும். பலகையின் வெட்டுமுனையைப் பார்த்தாலே எது எதுவென்று தெரிந்துவிடும். மேற்பலகைக்கு இரண்டாவது வகையை முடிந்தவரை பொறுக்கி எடுங்கள்.

நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் மேசையின் இரு முனைகளிலும் குறுக்கே ஒவ்வொரு பலகை வைத்து, பசை பூசித் திருகாணியால் இறுக்கச் சொல்லியிருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை அப்படியே செய்ய வேண்டாம். அந்தக் குறுக்குப் பலகையின் நீளம் மாறாது; அது பிடித்துவைத்திருக்கும் பலகைகளின் அகலமோ மாறும். ஒரு கச்சான் பருவம் கடந்தாலே நடுவில் வெடிப்பு விடும். அதை அடியோடு விட்டுவிடுவது எளிது. கட்டாயம் வேண்டுமென்றால், முனையில் நாக்கு வெட்டி, குறுக்குப் பலகையில் பள்ளம் எடுத்து, நடுவில் மட்டும் பசை பூசி, ஓரங்களில் நீள்துளை வழியே திருகாணி போடுங்கள். மேற்பலகையைச் சட்டத்தோடு இணைக்கும்போதும் இதே முறைதான். வரைபடம் சொல்வதுபோல நேரே திருகாணி போட்டு இறுக்காமல், குறுக்குச் சட்டங்களில் நீள்துளை வெட்டி வொஷரோடு திருகாணி போடலாம். அல்லது சட்டத்தின் உட்பக்கத்தில் பள்ளம் எடுத்து, அதில் நுழைந்து நகரக்கூடிய சிறு கட்டைகளை மேற்பலகையில் திருகாணியால் பொருத்தலாம். அப்போது பலகை விருப்பம்போல விரியும், சுருங்கும், ஆனால் மேலே எழும்பாது.

மூட்டுகளுக்கு வரைபடம் சாய்வாகத் துளையிட்டுப் போடும் திருகாணிகளைச் சொல்கிறது. 1½ அங்குலப் பைனுக்கான 2½ அங்குலத் திருகாணி 1 அங்குலப் பலகையைத் துளைத்து மறுபக்கம் வந்துவிடும். உங்களுக்கு 1½ அங்குலம்தான் வேண்டும், அதுவும் நெருக்கமான புரி உள்ளதாக இருக்க வேண்டும். ஆனாலும் சட்டமும் காலும் சேரும் இடத்தில் துளையும் கழுந்துமே வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கழுந்தின் தடிப்பு சட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ ⅜ அங்குலம். நீளம் 1¼ அங்குலம். உங்களுக்குக் கைப்பழக்கம் இல்லாவிட்டால் அந்த எட்டு மூட்டுகளை மட்டும் பக்கத்திலுள்ள ஓடாவியிடம் கொடுத்து வெட்டிக்கொள்ளுங்கள், மற்றவற்றை நீங்களே செய்யலாம். தேக்கில் இயற்கையான எண்ணெய் இருப்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன்பு அந்த இடத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் பசை பூச வேண்டும். துடைத்துவிட்டு மறுநாள் ஒட்டினால் பயனில்லை. கடற்காற்று படும் வீட்டில் மஞ்சள் நிற இரும்புத் திருகாணிகள் சில ஆண்டுகளில் துருவேறும், சுற்றியுள்ள மரமும் கறுக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை வாங்குங்கள். பித்தளை மென்மையானது என்பதால், முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியைப் போட்டுக் கழற்றிப் பாதை உண்டாக்கிக்கொண்டால் அது முறியாது.

பழைய வளைகளை மேற்பலகைக்குப் பயன்படுத்த வேண்டாம். பாலை தண்ணீரில் அமிழும் அளவுக்குப் பாரமானது. வரைபடத்தில் உள்ளபடி 6 அடி மேற்பலகையைப் பாலையில் செய்தால் பலகை மட்டும் 65 கிலோவைத் தாண்டும், பைனில் அது 30 கிலோவுக்குள் அடங்கும். ஆனால் கால்களுக்கும் வாங்கின் சட்டங்களுக்கும் அவை மிகச் சிறந்தவை. அரிவதற்கு முன் காந்தம் கொண்டு தடவி ஆணிகளைத் தேடி எடுங்கள். இல்லாவிட்டால் ஆலையின் வாள் போய்விடும். அரிந்த பிறகு இரண்டு கிழமை அப்படியே விடுங்கள், உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் விடுபட்டுச் சற்று வளையும். அதன் பிறகு சீவுங்கள். முதிரைத் தூள் சிலருடைய தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். நீண்ட கைச்சட்டையும் முகக்கவசமும் இன்றி அதை அரத்தாளால் தேய்க்கக்கூடாது. ஒருவேளை சாவண்டலை கிடைத்தால் வாங்கின் கால்களுக்கு அதைவிடப் பொருத்தமான மரம் இல்லை. வளைந்து கொடுத்தும் முறியாத அந்த மரம், ஒரு காலத்தில் மர வணிகத்தில் திருகோணமலை மரம் என்ற பெயராலேயே அறியப்பட்டது.

மேசைக்கு மட்டும், சீவலுக்கும் கழிவுக்கும் சேர்த்து, ஏறத்தாழ 3½ கன அடித் தேக்குத் தேவைப்படும். கால்களைப் பழைய வளைகளில் எடுத்தால் முக்கால் கன அடி குறையும். 7¼ அங்குல அகலப் பலகையைத் தேடி அலைய வேண்டாம். தோட்டத் தேக்கில் அகலப் பலகை எடுத்தால் ஓரத்தில் வெள்ளை, அதாவது வைரம் பாயாத வெளிப்பகுதி, வந்துவிடும், உளுப்பதும் கறையான் பிடிப்பதும் அங்கிருந்துதான். 5 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான வைரப் பலகைகள் ஏழு இருந்தால் 36 அங்குலம் வரும். பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மரம் ஏற்றிச் செல்வதற்கு அனுமதிப்பத்திரம் தேவைப்படும் என்பதால் அதையும் மரக்காலையிலேயே கேட்டு முடித்துவிடுங்கள்.

பலகைகளை வீட்டுக்குள், நிலத்தில் படாமல், ஒன்றரை அடிக்கு ஒரு சிறு சட்டம் இடைவைத்து அடுக்குங்கள். வெயிலில் போட்டுக் காயவைத்தால் வெடிக்கும். காய்ந்துவிட்டதா என்று அறிய, ஒரு துண்டை வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவாருங்கள். மூன்று கிழமை தொடர்ந்து எடை மாறாமல் இருந்தால் மரம் உங்கள் வீட்டுக் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். மேசையை மாரியில் பூட்டினால், மரம் அப்போதே விரிந்த நிலையில் இருக்கும், பின்னர் சுருங்கும். ஆகவே நீள்துளைகளில் திருகாணியை வெளி ஓரத்தையொட்டிப் போடுங்கள். கச்சானில் பூட்டினால் உள் ஓரத்தையொட்டிப் போடுங்கள்.

வார்னிஷ் பூசும்போது மேற்பலகையின் அடிப்பக்கத்துக்கும் மேற்பக்கத்துக்குப் பூசிய அதே எண்ணிக்கைப் பூச்சுகளைக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஈரத்தை உறிஞ்சினால் பலகை கிண்ணம்போல வளையும். சீமெந்துத் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீடுகளில் கால்களின் வெட்டுமுனை தண்ணீரை இழுத்து அடியிலிருந்து உக்கத் தொடங்கும். எனவே கால்களை நிறுத்துவதற்கு முன், அந்த முனைகளுக்கு வார்னிஷை மூன்று நான்கு தரம், ஒவ்வொரு தரமும் ஊறி இறங்கும்வரை பூசிக் காயவிட்டு, கால் அங்குல நைலோன் கட்டையை அடியில் பொருத்துங்கள். அந்தக் கால் அங்குலத்தைக் காலின் 28 அங்குலத்திலிருந்து முன்கூட்டியே கழித்துவிடுங்கள்.