உங்கள் ஆய்வுத் தலைப்பு உங்கள் பதிவேட்டில் இருக்கிறது

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர்: பாளையங்கோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சமூகப் பணித்துறைப் பேராசிரியை)

கேள்வி: எனக்கு 36 வயது. எம்.எஸ்.டபிள்யூ.வில் (சமூகப் பணி முதுகலை) 58 சதவீதம் வாங்கினேன். 11 ஆண்டுகளாகக் குடிநோய் மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். வேலையை விடாமல் பிஎச்.டி. பண்ண ஆசை. ‘குடிநோயின் உளசமூகத் தாக்கங்கள்’ என்று தலைப்பு யோசித்திருக்கிறேன். எங்களிடம் சிகிச்சை முடித்துப் போகிறவர்களில் பலர் ஊரில் சாமி கும்பிடு முடிந்த கையோடு மறுபடியும் வந்து நிற்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த எண்ணமே வந்தது. பட்டம் வாங்கினால் சம்பளம் கூடுமா என்று கணவர் கேட்கிறார். இந்த வயதில் இது சரிப்படுமா, மேடம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாகச் சரிப்படும். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தலைப்பு என்று நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்து, சாமி கும்பிடு பற்றிப் போகிற போக்கில் எழுதினீர்களே ஒரு வரி, அங்கேதான் உங்கள் ஆய்வு இருக்கிறது.

‘உளசமூகத் தாக்கங்கள்’ என்றால் மனைவியின் மனச்சோர்வு, பிள்ளைகளின் படிப்பு, கடன், ஈரல் எல்லாமே அதற்குள் வந்துவிடும். எதையும் ஆழமாகப் பார்க்க முடியாது. ஆனால், சிகிச்சை முடித்தவர் திருவிழாவுக்குப் பிறகு ஏன் திரும்பி வருகிறார்? கறி விருந்தில் மச்சான் நீட்டுகிற கிளாஸா, தலைக்கட்டு வரி கட்ட முடியாத அவமானமா, வெளியூரிலிருந்து வந்து இறங்குகிற பழைய கூட்டாளிகளா? இது கேள்வி. மையத்தில் அனுமதி கேட்டு, சேர்க்கைப் பதிவேட்டை ஐந்து வருடத்துக்கு எடுங்கள். எந்த மாதம் எத்தனை பேர் மறுபடி சேர்ந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் எண்ணம் தப்பாகக்கூட இருக்கலாம். பிஎச்.டி.க்குப் பதிவு செய்வதற்கு முன்பே அது தெரிந்துவிட்டால் நல்லதுதானே.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களைப் பற்றி என் ஆய்வு. 62 கேள்விகளை அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். முதல் வாரத்தில் ஓர் அக்கா, சுளகை மடியில் வைத்து, கத்தரியால் இலையை வெட்டிக்கொண்டே பதில் சொன்னார். கை ஒரு நொடி நிற்கவில்லை. மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டேன். “எதைக் கழிச்சுச் சொல்லணும்?” என்றார். புரியாமல் பார்த்தேன். கடையில் நிறுத்துப் போடுகிற இலையில் ஓட்டையும் கிழிசலும் போனால், ஆயிரம் பீடிக்கு இலை எட்டாது. குறைவதைத் தன் காசில் வாங்கித்தான் கணக்கை ஒப்படைக்க வேண்டும். என் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. மிச்சமிருந்த படிவங்களை அன்று ராத்திரியே கட்டி மேலே போட்டுவிட்டேன். அந்த அக்கா சொன்ன ‘கழிப்பு’தான் கடைசியில் என் ஆய்வேடாக ஆனது. வெளியிலிருந்து போன எனக்கு அதைக் கண்டுபிடிக்க ஓர் அக்கா தேவைப்பட்டார். நீங்கள் 11 வருடமாக உள்ளேயே இருக்கிறீர்கள்.

உள்ளே இருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. உங்களிடம் சிகிச்சை பெறுகிறவரிடமே போய், “ஆய்வுக்குப் பேட்டி தருகிறீர்களா?” என்று கேட்டால், அவரால் எப்படி மாட்டேன் என்று சொல்ல முடியும்? கையெழுத்துப் போட்டுத் தருவார்; அது சம்மதம் ஆகாது. அதனால் பேட்டிகளை வேறொரு மையத்தில் எடுங்கள். ஆய்வில் பங்கெடுப்பவர்களுக்குப் பாதிப்பு வராமல் பார்க்கிற நெறிமுறைக் குழுவும் முதலில் இதைத்தான் கேட்கும், கேட்க வேண்டும்.

அப்புறம், விதிகள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 ஒழுங்குமுறைப்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். உங்களிடம் இருக்கிறது. பகுதி நேரமாகப் படிக்கலாம். ஆனால், பணிக்கு நடுவே படிக்க நேரம் தருகிறோம், தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க் (பிஎச்.டி.யில் படித்து முடிக்க வேண்டிய பாடங்கள்) முடிக்க விடுவிக்கிறோம் என்று மையம் தடையின்மைச் சான்று தர வேண்டும். அதை இப்போதே பேசி வையுங்கள். கால அளவு குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவில் 2 ஆண்டும், பெண்களுக்கு மேலும் 2 ஆண்டும் தர இடமிருக்கிறது. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை உண்டு. பிள்ளைக்குப் பொதுத்தேர்வு வருகிற வருடத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். சேர்க்கைக்கு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) மதிப்பெண்ணா, பல்கலைக்கழகத்தின் சொந்த நுழைவுத் தேர்வா என்பதை அந்தந்த அறிவிக்கையில் பாருங்கள். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகைக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு. அதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள்; பிஎச்.டி. சேர்வதற்கு அந்த வரம்பு கிடையாது.

கைடு விஷயத்தில் அவசரம் வேண்டாம். என் முதல் கைடு ஒரே ஓர் இயலை 11 மாதம் மேசையில் வைத்திருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறிப் போய், வராந்தாவில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவேன். கடைசியில் கைடை மாற்றிக்கொண்டேன்; அதற்கே ஒரு வருடம் போனது. ஓய்வுக்கு 3 ஆண்டுகூட இல்லாதவர் புதிதாக மாணவரை எடுக்கக் கூடாது என்பது விதி. அதை விசாரித்துக்கொள்ளுங்கள். அவரிடம் இப்போது ஆய்வு செய்கிற இரண்டு பேரைப் பிடித்து, “எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருகிறார்?” என்று மட்டும் கேளுங்கள். அவர் வழிகாட்டிய ஆய்வேடுகள் ஷோத்கங்கா இணையதளத்தில் கிடைக்கும். ஒன்றையாவது முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள்.

உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. மறுவாழ்வு மையத்தில் இந்தப் பட்டத்துக்காகச் சம்பளம் பெரிதாக ஏறாது. கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆகலாம் என்றால், 2023 ஜூலையில் வந்த திருத்தத்தின்படி நெட், மாநில அளவில் நடக்கும் செட், ஸ்லெட் தேர்வுகள், இவற்றில் ஒன்றுதான் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை. கல்லூரி வேலைதான் நோக்கம் என்றால் முதலில் நெட் எழுதுங்கள். சமூகப் பணிக்கு அதில் தனிப் பாடமே இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் சம்பளத்துக்காகக் கிளம்பியவராகத் தெரியவில்லை. அதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவர்.

கேள்வி: ஆன்லைனிலேயே ஒரே வருடத்தில் சமூகப் பணியில் பிஎச்.டி. தருவதாக விளம்பரம் பார்த்தேன். பணம் கட்டலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கட்டாதீர்கள், தம்பி. தொலைதூர வழியிலோ ஆன்லைன் வழியிலோ பிஎச்.டி. நடத்த யு.ஜி.சி. விதியில் இடமில்லை. 3 ஆண்டுக்குக் குறைவாகவும் முடிக்க முடியாது. ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு போய், இன்றைக்கே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.