மினி கார் சில்: பழசு மேல புதுசு வேண்டாம்

வணக்கம் அண்ணே. பினாங்குல வச்சிருக்கிற 1978 மினிக்கு ரெண்டு பக்க சில்லையும் (கதவுக்குக் கீழ நீளமா ஓடுற தகடு) துரு தின்னுடுச்சு, மலிவான சில்லைப் பழசு மேலயே வெல்டிங் பண்ணலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. நடுவுல ஈரம் மாட்டிக்கும், துரு அப்படியே தரைத்தகட்டுக்கு ஏறும்.

பழைய பிரிட்டிஷ் கார்களுக்குத் தகடு செய்யுற பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் கம்பெனியோட சில்லை வாங்குங்க. அதுல காற்றுத் துளை நாலு. ஆறு துளையோட வர்ற அகலமான சில் அடித்தகட்டையும் சேர்த்து மூடும். அழுகலை மறைக்கத்தான் அது உதவும். ஹெரிடேஜ் சில் விலை கூடத்தான், ஆனா விளிம்பு சரியா உட்காரும்.

கதவு, பானெட்டுக்கு ஜப்பான் ஹாஃப் கட் (பாதியா வெட்டி இறக்குற பழைய கார்) கடைகளைப் பாருங்க. கையில காந்தம் இருக்கட்டும். கதவோட அடி விளிம்புல அது ஒட்டலைன்னா உள்ள பள்ளத்தை அடைச்ச புட்டிதான்.

ஒரு பக்கம் முழுசா முடிச்சிட்டுத்தான் மறுபக்கத்தை வெட்டணும். அதுக்கு முன்ன கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வச்சுப் பிடிச்சிடுங்க, இல்லன்னா பாடி தொய்யும். சில்லைக் கவ்வி வச்சு, கதவை மாட்டி, இடைவெளி சரியான்னு பார்த்த பிறகே வெல்டிங். மிக் வெல்டிங் (கம்பி தானா ஓடி உருகுற வெல்டிங்) கம்பி 0.6 மி.மீ. போதும். புள்ளி புள்ளியா, தள்ளித் தள்ளி வைங்க. ஒரே இழுப்பா இழுத்தா தகடு நெளியும். தகடு சேர்ற இடத்துல முன்னாடியே துத்தநாக பிரைமர். பெயிண்ட் காய்ஞ்சதும் அந்த நாலு துளை வழியா துருவைத் தடுக்கிற மெழுகு அடிங்க.