பையனுக்குக் காய்ச்சல்கூட இல்லையே, டாக்டர்!

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதிலிருந்த எண்ணுக்குப் பேசிவிட்டேன். பதில் வெளியாகும்வரை காத்திருக்கிற சமாச்சாரம் இல்லை இது. அன்று போனில் சொன்னதைத்தான் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நாத்தனார் மகன், எட்டு வயது. புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றிக்கொள்ளும் உங்கள் கணவர்தான் அவனுக்கு மாமா. கீமோ வார்டில் மாமாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து ஒரு மணி நேரம் செஸ் ஆடியிருக்கிறான். சளி இல்லை, இருமல் இல்லை. வாசலில் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டிப் பார்த்துத்தான் உள்ளே விட்டிருக்கிறார்கள். மறுநாள் சாயங்காலம் முதுகில் நாலு கொப்புளம். சின்னம்மை. "நன்றாக இருந்த பிள்ளையிடமிருந்து எப்படித் தொற்றும்?" என்கிறீர்கள். தொற்றும். கொப்புளம் தெரிய ஒன்றிரண்டு நாள் இருக்கும்போதே சின்னம்மை காற்றில் பரவத் தொடங்கிவிடும். ஃப்ளூவும் ஏறக்குறைய ஒரு நாள் முன்பே. வாசல் கருவிக்கு இன்றைய சூடுதான் தெரியும். நாத்தனாரோடு பேசாமல் இருக்கிறீர்களாமே, அதை விட்டுவிடுங்கள். அவருக்கும் தெரிய வழியில்லை.

அவன் கொண்டுவந்த ஆப்பிள், தொட்ட செல்போன், வேப்பிலைத் தண்ணீரில் அலசிய போர்வை எதைப் பற்றியும் கவலை வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிக் கொடுக்கிறீர்களே அசித்ரோமைசின், அதை நிறுத்துங்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து. வைரஸிடம் அதன் பாச்சா பலிக்காது. யூடியூப் பார்த்து அம்மைத் தடுப்பூசி போடலாமா என்று கேட்டிருப்பது அதைவிட மோசம். அதில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். கீமோ நடக்கும்போது போடவே கூடாது.

செய்ய வேண்டியது, கேன்சர் டாக்டரிடம் எந்தத் தேதியில், எவ்வளவு நேரம் பையன் பக்கத்தில் இருந்தான் என்று உடனே சொல்வது. நம் வீடுகளில் அம்மை போட்டிருப்பதை வெளியே சொல்லத் தயங்குவோம். 'அம்மா வந்திருக்கா' என்று குரலைத் தாழ்த்திக்கொள்வோம். இங்கே அந்தத் தயக்கம் ஆபத்து. கணவருக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததா என்று மாமியாரிடம் கேளுங்கள். ரத்தப் பரிசோதனையிலும் பார்க்கலாம். எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால், அம்மையை எதிர்க்கும் புரதத்தைத் தயாராகவே உடம்பில் ஏற்றும் இம்யூனோகுளோபுலின் ஊசி உண்டு. எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது, பத்து நாளைத் தாண்டவிடக் கூடாது. அது கிடைக்காத இடங்களில் வைரஸுக்கான அசைக்ளோவிர் மாத்திரை கொடுப்பார்கள். எது, எப்போது என்பதைக் கேன்சர் டாக்டர் முடிவு செய்யட்டும்.

இனி, உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் பாதி வரியில் தாண்டிப்போன விஷயம்: "ராத்திரி லேசாகக் காய்ந்தது, பாரசிட்டமால் கொடுத்தேன், விட்டுவிட்டது." போனில் நான் சத்தம் போட்டது இதற்குத்தான். கீமோ போட்டு ஒன்று, இரண்டு வாரத்தில் தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அப்போது சீழ் பிடிக்காது, நெஞ்சில் சளிகூடக் கட்டாமல் இருக்கலாம். உள்ளே தீவிரமான தொற்று இருந்தாலும் வெளியே தெரிவது காய்ச்சல் ஒன்றுதான். அதையும் மாத்திரை போட்டு மறைத்தால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? தெர்மாமீட்டரில் 100.4 காட்டினால், ராத்திரி இரண்டு மணியானாலும் ஆட்டோ பிடியுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். கிளம்பும்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, 'கீமோவில் இருக்கிறார், அம்மை போட்ட பிள்ளையோடு இருந்தார்' என்று இரண்டையும் சொல்லிவிட்டால் பொது ஹாலில் உட்காரவைக்காமல் தனியாக அழைத்துப் போவார்கள்.

பையன் எப்போது மாமாவைப் பார்க்க வரலாம்? தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கணக்கு உதவாது. கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும்.

அப்புறம், அடுத்த கீமோவுக்குத் தேதி கொடுத்திருப்பார்களே, கேட்காமல் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். அம்மை தொற்றியிருந்தால், பையனோடு இருந்த நாளிலிருந்து எண்ணி எட்டாம் நாளிலிருந்து இருபத்தோராம் நாள்வரை, இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டிருந்தால் இருபத்தெட்டாம் நாள்வரை, உங்கள் கணவரிடமிருந்தும் பரவலாம். பார்த்தால் அவரும் நன்றாகத்தான் இருப்பார். பக்கத்து நாற்காலியில் கீமோ ஏற்றிக்கொள்பவரும் அவரைப் போன்றவர்தானே.