சமதளம்தானே என்று கிளம்பும் முன்

கேள்வி: எனக்கு 52 வயது. பள்ளி நாட்களுக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை. போன மாதம் கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினேன். ஆற்றங்கரையை ஒட்டிய தார்ப்பாதை, ஏற்ற இறக்கமே கிடையாது. போக 10 கிலோமீட்டர், வர 10. போகும்போது சுகமாக இருந்தது. திரும்பும்போது தொடை கனத்து, முழங்காலின் முன்பக்கம் வலித்து, பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். சமதளத்தில் 20 கிலோமீட்டர் கூட முடியாத அளவுக்கு உடம்பு போய்விட்டதா? மறுபடி போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். போகும்போது சுகம், வரும்போது கனம் என்று நீங்களே எழுதியிருப்பதில் பாதி விடை இருக்கிறது. பாதையும் தூரமும் மாறவில்லை. பெரும்பாலும் மாறியது காற்று.

ஆறு ஓடுகிற பக்கம் இறக்கம், வருகிற பக்கம் ஏற்றம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். கால் உணரும் அளவுக்கு அது இருக்காது. ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் ஆற்றோரமாக 300 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை உண்டு. அத்தனை தூரத்திலும் ஆறு இறங்குவது சுமார் 150 மீட்டர்தான், கிலோமீட்டருக்கு அரை மீட்டர். அங்கே பலரும் மேற்கிலிருந்து கிழக்காக ஓட்டுவதற்கு, மேற்கிலிருந்து அடிக்கும் காற்றும் ஒரு காரணம்.

உங்களுக்கு நடந்தது இப்படித்தான் இருக்க வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறீர்கள், அதே வேகத்தில் பின்னாலிருந்து காற்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் காற்றே படாது. ‘இன்றைக்குக் காற்றே இல்லை, நமக்கு நல்ல தெம்பு இருக்கிறது’ என்றுதான் தோன்றும். எல்லாரும் ஏமாறுகிற இடம் இது. திரும்பியதும், அதே வேகத்தில் ஓட்டினால் மார்பில் மோதுவது மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால், காற்று அசையாத நாளில் இருப்பதைவிட நான்கு மடங்குத் தடை. அதுவும் களைத்துப்போன கால்களுக்கு.

ஆற்றங்கரை திறந்த வெளி. மறைக்கக் கட்டடம் இருக்காது. இருபுறமும் கரையோ மேடோ உயர்ந்திருந்தால் காற்று ஆற்றின் போக்கிலேயே திரும்பி நீளவாக்கில் வீசும். வெயில் ஏற ஏற வேகமும் கூடும். கடல் பக்கத்தில் என்றால் பிற்பகலில் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். அதனால் காலையில் கிளம்புங்கள், எதிர்க்காற்றில் தொடங்குங்கள். கரையோர நாணல் எந்தப் பக்கம் சாய்கிறது, கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தால் போதும். பாதையின் ஒரு முனையிலிருந்துதான் கிளம்ப முடியும், காற்றும் முதுகுப் பக்கம் இருக்கிறது என்றால், 10 கிலோமீட்டர் வரை போகாமல் ஆறாவது கிலோமீட்டரிலேயே திரும்பிவிடுங்கள். அப்போது கால் ‘இன்னும் போகலாம்’ என்று சொல்லும். கேட்காதீர்கள்.

சரி, முழங்காலுக்கு வருவோம். முன்பக்க வலி என்றதும் நான் முதலில் சந்தேகப்படுவது சீட்டின் உயரத்தை. பல வருடம் கழித்து ஓட்டுபவர்கள், உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டை இறக்கி வைப்பார்கள். அப்படி வைத்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கிய நிலையிலேயே அழுத்த வேண்டிவரும். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்காலில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். ஒரேயடியாக ஏற்றாமல், ஒவ்வொரு சென்டிமீட்டராக ஏற்றிப் பழகுங்கள். சீட் கம்பியில் எல்லைக்கோடு ஒன்று இருக்கும், அது வெளியே தெரியும் அளவுக்கு இழுக்கக் கூடாது. முழங்காலின் பின்பக்கம் வலிக்கத் தொடங்கினால் சீட் உயரம் கூடிவிட்டது என்று பொருள். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் காலை ஊன்றுங்கள். யாருமில்லாத இடத்தில் சிலமுறை செய்து பார்த்தால் பயம் போய்விடும்.

இன்னொரு சந்தேகம் கியர். எதிர்க்காற்று வந்ததும் அதே கியரில் முட்டி மோதியிருப்பீர்கள். காற்றையும் மேடாகவே நினைத்து லேசான கியருக்கு மாறுங்கள். வலது கால் எத்தனை சுற்று வருகிறது என்று 15 விநாடி எண்ணிப் பாருங்கள்: 18 முதல் 20 வரை இருந்தால் நல்லது. 15-க்குக் கீழே என்றால் கியர் கனம். வேகம் மணிக்கு 10-க்கு இறங்கினாலும் இறங்கட்டும்.

மலைப்பாதையில் இறக்கத்தில் கால் ஓய்வெடுக்கும். சமதளத்தில் அந்த வாய்ப்பே இல்லை. மிதித்துக்கொண்டே, ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு பெடலையும் கிடைமட்டமாக வைத்து, சீட்டிலிருந்து சற்று எழுந்து சில விநாடி உருளவிடுங்கள். உட்காரும் எலும்புகளுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. மரவேர் தூக்கிவிட்ட இடங்களைக் கடக்கவும் இதே நிலைதான். கையை மரத்துப்போக விடாமல் பிடியையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் டயர் காற்றைப் பாருங்கள். ஓட்டாமல் வைத்திருந்தாலும் ட்யூப்பிலிருந்து காற்று மெல்லக் கசியும். எவ்வளவு வேண்டும் என்று டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். அப்புறம், வெள்ளம் வடிந்த பாதைகளில் பாலத்தடியில் வண்டல் படிந்திருக்கும், ஈர மரப்பாலமும் வழுக்கும். அங்கே திரும்பும்போது பிரேக் பிடிக்காமல், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். நடப்பவர்களைத் தாண்டும்போது தூரத்திலேயே மணி அடித்து மெதுவாகப் போங்கள்.

முழங்கால் வீங்கினாலோ, சில நாள் ஓய்வுக்குப் பிறகும் படி ஏற வலித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். ஓட்டும்போது மார்பில் அழுத்தம் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி உடனே உதவி கேளுங்கள். இதய நோயோ இரத்த அழுத்தமோ இருந்தால் அடுத்த முறை கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது.

முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு முறையும் போக வர மொத்தமே 12 கிலோமீட்டர் போதும், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. வலி இல்லையென்றால் வாரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் கூட்டுங்கள். 20-ஐ எட்டும்போது மணிக்கு 12 என்ற நிதானத்தில் ஒரு மணி 40 நிமிடம் ஆகும். நிற்கும் நேரத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.