வளவு வீட்டை இடிக்கும் முன் எதைப் பதிவு செய்வது, எப்படி?

கேள்வி: செட்டிநாட்டில் உள்ள எங்கள் பூர்வீக வளவு வீடு (நடு முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்தது) நான்கு பங்காளிகளுக்குப் பொது. பின்கட்டை இடிக்க முடிவாகிவிட்டது. அதற்குள் வீட்டின் அமைப்பையும் வரலாற்றையும் நாங்களே பதிவு செய்துவிட நினைக்கிறோம். முகப்பு நிலையில் 'சுபகிருது வருஷம் தை' என்று இருக்கிறது. இதை வைத்து வீட்டின் வயதைச் சொல்லிவிடலாமா?

பதில்: முதலில் பின்கட்டுக்குப் போங்கள். பெரும்பாலோர் முதல் நாள் முழுவதையும் முகப்புக் கதவின் வேலைப்பாட்டைப் படமெடுப்பதில் செலவழித்துவிடுவார்கள். முகப்பு அங்கேயேதான் இருக்கப்போகிறது. போகப்போவது அடுப்படி, புகைபோக்கி, ஆட்டுரல் பதித்த இடம், கிணற்றடி.

அளவெடுக்க இரண்டு பேர், 30 மீட்டர் டேப், லேசர் மீட்டர், நைலான் கயிறு, ட்யூப் மட்டம் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) போதும். வளவு வீட்டில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு: பெரும்பாலும் முகப்பு வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். அந்த நேர்கோட்டில் கயிற்றை இழுத்துக் கட்டி, அதையே அடிக்கோடாக வைத்து இருபுறமும் அளந்துகொண்டே போங்கள். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அளந்து கூட்டாதீர்கள். துண்டுக்கு 5 மில்லிமீட்டர் பிசகினாலும், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் 20 துண்டில் 10 சென்டிமீட்டர் போய்விடும். டேப்பின் பூஜ்யத்தை ஒரு மூலையில் பிடித்து, கதவு, சன்னல், தூண் விளிம்புகளை 0.84, 1.96, 3.41 என்று தொடர் அளவாகவே குறியுங்கள்.

அறைக்கு நான்கு சுவர் அளவு மட்டும் போதாது. இரண்டு குறுக்களவும் வேண்டும். படம் வரைய ஒன்றே போதும். இரண்டாவது, தவறைக் காட்டிக்கொடுப்பதற்கு. பழைய அறைகள் மூலைமட்டத்துக்கு இருப்பது அபூர்வம், கோணல் வந்தால் கோணலாகவே வரையுங்கள். சுவர்க் கனத்தை நிலை இருக்கும் இடத்தில்தான் அளக்க முடியும், அதை விட்டுவிட்டால் இரண்டு அறைகளைப் படத்தில் சேர்க்கவே முடியாது. 50 மீட்டர் நீள வீடு 1:100 அளவில் ஏ2 தாளில் அடங்கும். கதவு, தூண் போதிகை (தூணின் தலைப்பகுதி) போன்றவற்றுக்கு 1:10 வையுங்கள்.

அறைக்கு ஓர் எண் கொடுத்து, படத்திலும் புகைப்படக் கோப்பின் பெயரிலும் அதையே பயன்படுத்துங்கள். நான்கு சுவர், தரை, மச்சு என அறைக்குக் குறைந்தது ஆறு படம். வளவில் உச்சி வெயில் நேரத்தில் எடுத்தால் முற்றம் வெளுத்து, அதை ஒட்டிய பட்டாலை (உயர்ந்த திண்ணைக் கூடம்) இருண்டுவிடும், காலையிலோ மேகமூட்டத்திலோ எடுங்கள். தேய்ந்த எழுத்துக்கு எண்ணெயோ சுண்ணாம்புப் பொடியோ தடவ வேண்டாம். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே எழுத்து எழுந்து நிற்கும்.

இனி அந்த 'சுபகிருது'. தமிழ் ஆண்டு 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். சுபகிருது 1902-03இலும் வந்தது, 1962-63இலும் வந்தது. தை என்பதால் ஆங்கிலக் கணக்கில் 1903 அல்லது 1963 ஜனவரி-பிப்ரவரி. 1902 என்று எழுதினால் பிழை. எது என்று முடிவு செய்ய வேறு சாட்சி வேண்டும்.

இரும்பு உத்தரங்களின் பக்கவாட்டில் ஆலை முத்திரை இருக்கிறதா பாருங்கள். டாட்டா என்று இருந்தால் அது 1912க்கு முந்தியதாக இருக்க முடியாது, ஜாம்ஷெட்பூர் ஆலையில் எஃகு வரத் தொடங்கியதே அந்த ஆண்டில்தான். ஆனால் உத்தரம் பின்னால் மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம். அது சுவரில் இறங்கும் இடத்தில் பூச்சு உடைத்துப் பூசிய தடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வரவேண்டும். சீமை ஓட்டில் பலர் ஏமாறுவார்கள். மங்களூர் பாசல் மிஷன் ஓட்டில் உள்ள 1865, ஆலை தொடங்கிய ஆண்டு; ஓடு சுட்ட ஆண்டு அல்ல. நிலையில் பொறித்த ஆண்டுகூட வேறு வீட்டிலிருந்து வந்த நிலையுடையதாக இருக்கலாம். ஆகவே வீட்டுக்கு ஒரே வயது எழுதாமல் முகப்பு, வளவு, பின்கட்டு, மாடி ஒவ்வொன்றுக்கும் தனி வயதும் அதற்கான சாட்சியும் எழுதுங்கள்.

காகிதத்தில் முதலில் தேட வேண்டியது மூலப்பத்திரமும் பாகப்பிரிவினையும். எந்த அறை எந்தப் புள்ளிக்கு (மணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) என்பதுவரை பாகப்பிரிவினையில் இருக்கக்கூடும். பேரேடு, இசைகுடிமானம் (திருமண ஒப்பந்த ஓலை அல்லது தாள்), பர்மாவிலிருந்து வந்த கடிதங்கள், பழைய வரி ரசீதுகள் எதையும் எடைக்குப் போடும் முன் படமெடுத்துவிடுங்கள்.

முக்கியத்துவம் எழுதும்போது 'செட்டிநாட்டின் கலைநயம்' என்று தொடங்கினால் அது எந்த வீட்டுக்கும் பொருந்தும். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பெருமை ஊருக்கு. உங்கள் வீடு எந்த ஊர்த் தொழிலில் வந்த பணத்தில் எழுந்தது, 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபின் கட்டுமானம் நின்றதா என்பவைதான் இந்த வீட்டுக்கே உரியவை. 'எல்லாம் பர்மா தேக்கு' என்பதைக் கணக்கேட்டில் காணும்வரை கேள்விச் செய்தி என்றே குறியுங்கள். பெரியவர்களிடம் 'வரலாறு சொல்லுங்க ஆச்சி' என்று கேட்டால் பொதுவாகவே பேசுவார்கள். பிளானைக் கையில் வைத்து அறை அறையாக அழைத்துப்போய்க் கேளுங்கள். கண்டதா, கேட்டதா என்பதையும் அருகிலேயே எழுதுங்கள்.

பூட்டிக் கிடந்த அறைகளை ஊகித்து வரையாதீர்கள். புள்ளிக்கோட்டில் காட்டி 'பார்க்கவில்லை' என்று எழுதித் தேதி போடுங்கள்.