அப்பாவுக்கு ஒரு ரூபா அனுப்பிப் பாருங்க

கேள்வி: எங்க அப்பாவுக்கு 67 வயசு, ரிட்டயர்டு வாத்தியார். வாட்ஸ்அப்ல எது வந்தாலும் தொட்டுப் பாத்துடுவார். போன மாசம் கல்யாணப் பத்திரிகைன்னு வந்த ஏதோ ஃபைல இன்ஸ்டால் பண்ணப் போயிட்டார், நல்லவேளை நான் பாத்துட்டேன். பையன் ஏழாவது படிக்கிறான், கேம்ல ஃப்ரீ டைமண்ட்னா எந்த லிங்க்லயும் பாஸ்வேர்ட் போட்டுடுறான். ரெண்டு பேருக்கும் எப்படித்தான் சொல்லிக் குடுக்குறது?
வாசகி, கும்பகோணம்

பதில்: மொதல்ல அப்பாவ திட்டுறத நிறுத்துங்க மேடம். திட்டு வாங்குற வீட்ல பெரியவங்க பணம் போனாக்கூட வாயத் திறக்க மாட்டாங்க, நாலு நாள் கழிச்சு பாஸ்புக் பாத்துதான் நமக்கே தெரியும்.

அட்வைஸ் வேணாம், செஞ்சு காட்டுங்க. உங்க போன்லேர்ந்து அப்பாவுக்கு ஒரு ரூபா ஜிபே பண்ணுங்க, அனுப்புற உங்ககிட்டதான் பின் கேக்கும், வாங்குற அவர் எதையுமே தொட வேண்டியதில்ல. அப்புறம் அவர உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க. ரெண்டு தடவ இப்படி ஆடிட்டா, நாளைக்கு எவனாவது "ரீஃபண்ட் வரணும் சார், பின் போடுங்க"ன்னா அவருக்கே சிரிப்பு வரும்.

அந்தப் பத்திரிகை மேட்டர்: நிஜப் பத்திரிகை போட்டோவாவோ பிடிஎஃப்பாவோ வீடியோவாவோதான் வரும். ஃபைல் பேரு முடியுற இடத்துல ஏபிகேன்னு (.apk) இருந்தா அது ஆப், உள்ள போனதும் எஸ்எம்எஸ் படிக்க பர்மிஷன் கேக்கும், குடுத்தா ஓடிபி எல்லாம் திருடன் கைக்குப் போயிடும். தெரிஞ்சவங்க நம்பர்லேர்ந்து வந்தாலும் நம்பாதீங்க, அவங்க போனே மாட்டியிருக்கலாம்.

போலீஸ்னு வீடியோ கால்ல வந்து "உங்கள டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியாச்சு"ன்னு மிரட்டுனா கட் பண்ணச் சொல்லுங்க. டிஜிட்டல் அரெஸ்ட்னு ஒண்ணு நம்ம சட்டத்துலயே கிடையாது, 2024 அக்டோபர் மன் கி பாத் ரேடியோ பேச்சுல பிரதமரே இத சொன்னார்.

பையனுக்கு? அவன வாத்தியாராக்கிடுங்க. தாத்தா வாட்ஸ்அப்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டுக் குடுக்குற வேலைய அவன்கிட்ட விடுங்க (வாட்ஸ்அப்புக்கு ரெண்டாவது பூட்டு மாதிரி, செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்குள்ள இருக்கு, 6 நம்பர் பின், பொறந்த தேதி மட்டும் வேணாம்). அத ஏன் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு தாத்தாவுக்கு அவனே விளக்குறப்போ ஃப்ரீ டைமண்ட் பக்கம் கேட்ட பாஸ்வேர்டும் அதே கததான்னு அவனுக்கே உறைக்கும். அந்த பின் நம்பர டைரில எழுதி பீரோல வைங்க, தப்பில்ல, ஹேக்கர் பீரோ திறக்க வரப் போறதில்ல!

கடைசியா 1930, சைபர் கிரைம் ஹெல்ப்லைன், அப்பா போன்ல சேவ் பண்ணிடுங்க. போன பணம் அக்கவுண்ட் அக்கவுண்ட்டா தாவிட்டே இருக்கும், யாரோ எடுக்குறதுக்குள்ள சொன்னாத்தான் பேங்க் நிறுத்தி வைக்க முடியும், அதனால மொத போன் அங்க, உங்களுக்கு அப்புறம் அடிச்சாப் போதும்.